வரிசையில் ஒரு குரல் குறைந்தது

பார்த்தீபன் மாஸ்டரின் குரல் உரும்பிராய்ச் சந்தி வரை கேட்கும் என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொன்ன கதைதான். ஆனால் சனசமூக நிலையத்தின் பின்மண்டபத்தில் பின்னேரங்களில் அவர் எண்ணத் தொடங்கினால், பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் மாறிக்கொண்டு நிற்பவர்கள் மண்வெட்டியை ஊன்றிவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பது உண்மை. "இச்! நீ! சான்!" என்று ஜப்பானிய மொழியில் எண்ணுவார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குத்து. கடைசிக் குத்தோடு எல்லோரும் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தலை எழுப்பவேண்டும். அதற்குக் கராத்தேயில் கியாய் என்று பெயர். "காணாது! சத்தம் காணாது!" என்று வரிசைகளுக்கிடையே நடந்தபடி அவர் அதட்டுவார். பிறகு எவ்வளவு சத்தம் வேண்டும் என்று தானே ஒன்று போட்டுக் காட்டுவார். மண்டபத்து ஓட்டுக்கு அடியில் குந்தியிருக்கும் புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறக்கும்.

காலையில் தோட்டம், பின்னேரம் கராத்தே. இருபது வருசத்துக்கு மேலாக அவருக்குக் காலம் அப்படித்தான் போனது. ஆகவே குரல் கம்மத் தொடங்கியபோது அவருக்குப் பயம் வரவில்லை. உள்ளுக்குள் சின்னதொரு பெருமைகூட இருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்றுதான் நினைத்தார். மனைவி மகாதேவி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். மாரி முடிந்தது, பங்குனி வெயிலும் வந்தது, கம்மல் மட்டும் போகவில்லை. எச்சில் விழுங்கினால் காதுக்குள் குத்தியது.

"இஞ்சாருங்கோ, இனியும் கொத்தமல்லியை நம்பி இருக்கேலாது" என்று ஒருநாள் மகாதேவி சட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்து ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

குரல்வளையில் புற்றுநோய். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டால் உயிர் தப்பலாம் என்று வைத்தியர் சொன்னார். கழுத்தில் ஒரு துளை இருக்கும், இனி மூச்சு அதன் வழியாகத்தான்.

"கதை கொஞ்சமும் வராதோ, டொக்டர்?" என்று மகாதேவி கேட்டாள்.

"பிறகு ஒரு கருவி வைச்சுக் கதைக்கப் பழக்கலாம், அம்மா. எல்லாருக்கும் சரிவராது. சரிவந்தாலும் இவரின்ரை பழைய குரல் வராது."

மகாதேவி புருசனின் முகத்தைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுங்கோ" என்றார்.

எடுத்தார்கள். சித்திரை முழுக்க ஆசுபத்திரியில் போனது. வைகாசி பிறந்த பிறகு கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியோடு வீட்டுக்கு வந்தார். வாயசைவைப் பார்த்து அவர் சொல்வதை விளங்கிக்கொள்ள மகாதேவிக்கு ஒரு மாதம் பிடித்தது. மற்றவர்களுக்குக் கைபேசியில் தட்டி எழுதிக் காட்டினார். கிணற்றடியில் தலைக்கு வார்க்க முடியாது, துளைக்குள் தண்ணீர் போய்விடும். மண் வாசமோ கறி வாசமோ ஒன்றும் தெரியவில்லை. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவையாக இருந்தன. அவரை உடைத்தது தண்ணீர்ப் பம்புதான். தோட்டத்தில் வழக்கம்போல அதைக் குனிந்து தூக்கப் போனார். தூக்க முடியவில்லை. கையில் பலம் இருந்தது, உடம்புக்குள் எங்கேயோ அது ஒழுகிப் போனது.

கிளினிக்கில் தாதியிடம் எழுதிக் கேட்டார்.

"முந்தி நீங்கள் பாரம் தூக்கேக்கை தொண்டை மூடி மூச்சைப் பிடிச்சு வைச்சிருக்கும், ஐயா" என்றாள் அவள். "இப்ப போத்தில் இருக்கு, மூடி இல்லை. கையாலை துளையைப் பொத்திக்கொண்டு தூக்கிப் பாருங்கோ, கொஞ்சம் பலம் வரும்."

உண்மைதான், வந்தது. ஆனால் ஒரு கை கழுத்துக்குப் போய்விட்டால் மிஞ்சுவது ஒரு கை. ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு என்ன கராத்தே? தோய்த்து மடித்த வெள்ளை உடுப்பை மகாதேவி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். மூத்த மாணவியான கீர்த்திகா ஒருநாள் பழங்களோடு பார்க்க வந்தபோது நித்திரை போலக் கிடந்தார். கீர்த்திகா பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறவள், கறுப்புப் பட்டி கட்டியவள். கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "நித்திரை எழும்பினாப்போலை நான் வந்தனான் எண்டு சொல்லுங்கோ அக்கா" என்று மகாதேவியிடம் சொல்லிவிட்டுப் போனாள். அது நித்திரை இல்லை என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஆவணியில் ஒரு பின்னேரம், பசளை வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பும்போது, மண்டபத்துப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"இச்! நீ! சான்!"

பார்த்தீபனின் கால் தானாக நிலத்தில் ஊன்றியது. அது அவருடைய குரல். கம்மல் வருவதற்கு முந்திய குரல், முழுசாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மண்டபத்துக்குள்ளிருந்து வந்தது. "காணாது! சத்தம் காணாது!" என்றது. உள்ளே பத்துப் பதினைந்து பேர் அதற்குக் கீழ்ப்படிந்து கத்தினார்கள்.

சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு உள்ளே போனார். ஒரு கதிரையின்மேல் சின்ன ஸ்பீக்கர் இருந்தது. அதிலிருந்துதான் அவர் எண்ணிக்கொண்டிருந்தார். மாணவர்கள் அவரைக் கண்டதும் அப்படியே நின்று தலை வணங்கினார்கள். ஸ்பீக்கர் மட்டும் "ரோக்! சிச்!" என்று தொடர்ந்தது. அவர் போய் அதை நிறுத்தினார்.

"நான் போன வருசம் போனிலை எடுத்தது, மாஸ்டர்" என்றாள் கீர்த்திகா. "உங்களைக் கேளாமல் போட்டது பிழை."

அவர் கைபேசியில் எழுதி நீட்டினார். 'நான் இன்னும் சாகேல்லை.'

வாசித்ததும் கீர்த்திகாவின் முகம் சிவந்தது. ஆனால் அவள் தலை குனியவில்லை. "அப்ப வாங்கோவன், மாஸ்டர். நீங்கள் வராமல் விட்டபடியால்தானே நாங்கள் உந்தக் குரலைப் போட்டனாங்கள். எங்களுக்கும் ஆசையே உந்தப் பெட்டியோடை பழக?"

பார்த்தீபன் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்து, இன்னொன்று எழுதிக் காட்டினார். கீர்த்திகா அதை உரத்து வாசித்தாள். "எண்ண வேண்டாம். பக்கத்திலை நிக்கிற ஆளின்ரை மூச்சைக் கேட்டுச் செய்யுங்கோ. கடைசிக் குத்துக்கு மட்டும் கியாய்."

அவர் கையை உயர்த்தி இறக்கினார். முதலில் குழம்பியது. ஒருவர் முந்தினார், ஒருவர் பிந்தினார். சட்டைத் துணி உதறும் சத்தமும் பாதங்கள் சீமெந்தில் உரசும் சத்தமும் தாறுமாறாக வந்தன. கொஞ்ச நேரத்தில் அவை ஒன்றாகச் சேரத் தொடங்கின. கடைசிக் குத்து வந்தது. எல்லோரும் கத்தினார்கள்.

அப்போதுதான் பார்த்தீபன் அதைக் கேட்டார். இத்தனை வருசமும் அவருடைய சத்தம்தான் முதலில் எழும், அதற்குள் மற்றதெல்லாம் அமிழ்ந்துவிடும். இப்போது ஒவ்வொருவரின் சத்தமும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. கீர்த்திகாவின் சத்தம் வயிற்றிலிருந்து வந்தது. வங்கியில் வேலை செய்யும் பெடியனின் கியாய் வெறும் தொண்டை. இன்னொருத்தியின் சத்தம் கேள்வி கேட்பதுபோல மேலே போய் முடிந்தது. இரண்டாம் வரிசையின் கடைசியில், கதவோரம், ஒரு வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்த வாயிலிருந்து சத்தமே வரவில்லை.

அது தயாளினி. மகள் கோபிகாவைச் சிறுவர் வகுப்புக்குக் கூட்டிவந்து, பிறகு பெரியவர்களின் வரிசையில் தானும் நின்று பழகத் தொடங்கியவள். வந்து இரண்டு வருசமாகிறது. குறை சொல்ல முடியாத நிலை, துப்புரவான குத்து. இவளைத் தாண்டி எத்தனை தரம் "சத்தம் காணாது" என்று கத்திக்கொண்டு நடந்திருப்பார்!

வகுப்பு முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டு நின்றவளிடம் கைபேசியைக் காட்டினார். 'உமக்கு ஏன் பிள்ளை சத்தம் வரேல்லை?'

"வருது, மாஸ்டர். எல்லாரும் கத்தேக்கை உங்களுக்குக் கேட்டிருக்காது" என்று சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவசரமாகப் போய்விட்டாள்.

பார்த்தீபன் மறுபடி வகுப்புக்கு வரத் தொடங்கினார். கீர்த்திகா எண்ணினாள், அவர் வரிசைகளுக்கிடையே நடந்தார். ஒரு முழங்கையைத் தொட்டுத் திருத்துவார், ஒரு முதுகைத் தட்டி நிமிர்த்துவார். கதவோரத்துக்கு வரும்போது நின்று கேட்பார். ஒன்றும் வராது. தயாளினி கண்ணை நேரே வைத்துக்கொண்டு நிற்பாள்.

ஒருநாள் மற்றவர்கள் போகும்வரை அவள் பின்தங்கினாள். கோபிகா வெளியே வேலியோரம் ஓணானைத் துரத்திக்கொண்டு நின்றாள். தயாளினி இடுப்புப் பட்டியை அவிழ்த்து மடித்தபடி, அதைப் பார்த்துக்கொண்டே கதைத்தாள்.

"கலியாணம் கட்டின புதிசிலை ஒருக்காக் கத்தினனான், மாஸ்டர். கத்தினதுக்கெண்டு பிறகும் அடி விழுந்தது. அதோடை வாயை இறுக்கிப் பழகிட்டன். கோபி பிறந்தாப்பிறகு இன்னும் இறுக்கிட்டன், பிள்ளை முழிச்சிடுமெண்டு. இப்ப கத்தவேணும் எண்டு நினைச்சாலும் இதிலை வந்து நிண்டிடுது." தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "உங்களுக்கு வெட்டி எடுத்தவை. எனக்கு இருந்தும் இல்லை."

பார்த்தீபனுக்கு முகத்தைத் திருப்பவேண்டும்போல இருந்தது. திருப்பவில்லை. ஏதோ எழுதினார், அழித்தார். இன்னொன்று எழுதினார், அதையும் அழித்தார். ஆறுதல் என்று எதை எழுதினாலும் அது பழைய மாஸ்டரின் அதட்டலைப்போலத் தெரிந்தது. கடைசியில் இவ்வளவுதான் எழுதினார். 'நாளைக்கு வாரும். கத்த வேண்டாம். மூச்சை மட்டும் விடுவம்.'

அன்றிரவு தயாளினி சொன்னதை மகாதேவியிடம் உதட்டை அசைத்துச் சொன்னார். அவள் இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னாள். கேட்டது விளங்காமல் அல்ல, நம்பமுடியாமல்.

"லொறி ஓடுற அவளின்ரை புருசன் செந்தூரனோ? கோயில் திருவிழாவிலை தண்ணிப் பந்தல் போடுற பெடியனோ? வழியிலை கண்டா 'அக்கா சுகமோ' எண்டு கேக்காமல் போகமாட்டானே!"

அவர் தலையை ஆட்டினார்.

மகாதேவி அடுத்த கிழமை முருங்கையிலை கொண்டுபோகிற சாட்டில் அந்த வீட்டுக்குப் போனாள். செந்தூரன் லொறி ஓட்டம் போயிருந்தான். தயாளினி அவளைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அக்கா. பருத்தித்துறையிலை அண்ணை இருக்கிறார். அவருக்குத் தெரிஞ்சா வெட்டுக்குத்திலைதான் முடியும்."

"சொல்லமாட்டன்" என்றாள் மகாதேவி. "ஆனா எங்கடை தோட்டம் உன்ரை வளவுக்குப் பின்னாலைதான் இருக்கு. அவர் எந்த நேரமும் அங்கைதான். உனக்கு எப்ப வாய் திறக்குதோ, திற."

மண்டபத்தின் பின்மூலையில் இருவரும் எதிரெதிரே நின்று பழகினார்கள். அவர் மூச்சை நிரப்பி இடது கையால் துளையைப் பொத்துவார். வலது கை குத்தோடு போகும்போது இடது கையை எடுப்பார். சைக்கிள் ரியூப்பில் காற்றுத் திறந்ததுபோல 'புஸ்' என்று வரும். கோபிகாவுக்கு முதல்நாள் சிரிப்பு வந்தது. பிறகு அவள் கிட்ட வந்து, வெள்ளைத் துணி எழும்பி விழுவதை உற்றுப் பார்த்துவிட்டு, தாயின் பக்கத்தில் போய் நின்றாள்.

தயாளினியின் மூச்சு முதலில் மூக்கோடு நின்றது. சில கிழமையில் அது நெஞ்சுக்கு இறங்கியது. புரட்டாசி கழிந்தது. மழை தொடங்கியபோது அவளுடைய மூச்சில் பாரம் வந்துவிட்டது. ஒருநாள் மூட்டை தூக்குகிறவனின் முனகல்போல "ஹு" என்று ஒரு சத்தம் வெளியே வந்து விழுந்தது. அவள் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டு வாசலைப் பார்த்தாள். முன்வரிசையில் ஒன்றிரண்டு பேர் திரும்பினார்கள். "என்ன பார்வை? இன்னொருக்கா, இச்!" என்று கீர்த்திகா அவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பார்த்தீபன் தயாளினியின் கையை வாயிலிருந்து மெல்ல எடுத்துவிட்டு, மறுபடி என்று சைகை காட்டினார். அன்று மறுபடி வரவில்லை.

மார்கழியில் மழை விட்டிருந்த ஒரு பின்னேரம். பார்த்தீபன் வெங்காயப் பாத்திக்குள் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கோயிலில் பின்னேரப் பூசைக்கான மணி ஓய்ந்திருந்தது. அப்போது பின்வளவிலிருந்து ஒரு சத்தம் எழும்பியது. ஐயோ என்றோ அம்மா என்றோ இல்லை. கட்டையான, கனத்த ஒற்றைச் சத்தம். அந்தக் குரலை அவர் அதற்குமுன் கேட்டதில்லை. என்றாலும் யாருடையது என்று யோசிக்கத் தேவைப்படவில்லை.

எழும்பி ஓடினார். ஈர மண் காலைப் பிடித்தது. ஓட்டத்தில் துளையைப் பொத்தவும் முடியவில்லை, மூச்சு கழுத்தால் கீச்சிட்டுக்கொண்டு போனது. வேலியைச் சுற்றி ஒழுங்கைக்கு வந்தபோது, தயாளினி வீட்டின் தகரப் படலை உள்ளுக்குச் சங்கிலி போட்டு மூடியிருந்தது. கூப்பிட வாய் திறந்தார். ஒன்றும் இல்லை. நிலத்தில் கிடந்த கல்லொன்றை எடுத்துத் தகரத்தில் ஓங்கி அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார்.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு நமசிவாயம், கிராம சேவகராக இருந்து ஓய்வு பெற்றவர். "என்ன மாஸ்டர்? என்ன நடந்தது?" என்றார். பார்த்தீபன் வீட்டைக் காட்டினார். அடுத்த வீடுகளின் படலைகளும் திறந்தன. சனம் சேர்ந்தது.

செந்தூரன் வெளியே வந்தான். தலைமயிர் கலைந்திருந்தது. "என்ன மாஸ்டர், குடும்பத்துக்குள்ளை ஆயிரம் இருக்கும். உங்களுக்கு இஞ்சை என்ன வேலை?" அவன் படலைக்கு மேலால் ஒரு தள்ளுத் தள்ளினாலே பார்த்தீபன் விழுந்துவிடுவார். அது இருவருக்கும் தெரிந்திருந்தது. பார்த்தீபன் கல்லைக் கீழே போட்டுவிட்டு, ஒரு கையால் கழுத்துத் துணியைப் பிடித்தபடி அந்த இடத்திலேயே நின்றார்.

"சங்கிலியைக் கழட்டு, தம்பி" என்றார் நமசிவாயம்.

"ஐயா, நீங்கள் போங்கோ. ஒண்டும் இல்லை."

"கழட்டெண்டு சொல்லுறன்."

அதற்குள் தயாளினி கோபிகாவைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். உதடு வெடித்திருந்தது. அவனைக் கடந்து வரும்போது அவன் அவளுடைய மேற்கையை எட்டிப் பிடித்தான். அவள் திரும்பினாள். குத்தவும் இல்லை, உதறவும் இல்லை. காலை ஊன்றி, அவன் முகத்துக்கு நேரே, அடிவயிற்றிலிருந்து அந்தச் சத்தத்தை எழுப்பினாள். ஒழுங்கையில் நின்ற நாய் பின்வாங்கியது. செந்தூரனின் கை தானாக விட்டது. அவன் அவளைப் பார்க்கவில்லை, படலைக்கு வெளியே தன்னைப் பார்த்துக்கொண்டு நின்ற முகங்களைப் பார்த்தான்.

தயாளினி தானே சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

மகாதேவி அவர்களை வீட்டுக்குக் கூட்டிவந்து தேத்தண்ணி கொடுத்தாள். பார்த்தீபனுக்கு இருமல் நிற்கவில்லை, துணியில் இரத்தம் தெரிந்தது. மகாதேவி அதை மாற்றிக் கழுத்தைத் துடைத்துவிட்டாள். "இனி ஓடாதேங்கோ" என்றாள். பிறகு, "ஓடாமல் இருந்திருந்தா நான்தான் திட்டியிருப்பன்" என்றாள்.

தயாளினி கோப்பையைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். "என்னைத்தான் எண்டா பொறுத்திருப்பன், மாஸ்டர். இண்டைக்குக் கோபியின்ரை பக்கம் கையை ஓங்கினவர். நான் வாயைத் திறந்தனான். அது தானா வந்தது."

நமசிவாயம் முற்றத்தில் நின்றார். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை. "முந்தியும் ஏதோ விழுற சத்தம் கேட்டிருக்கிறம், பிள்ளை" என்றார். "சாமான் ஏதும் விழுதாக்கும் எண்டு இருந்திட்டம். ஆளின்ரை சத்தம் கேக்கேல்லையே எண்டு..." முடிக்காமல், துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்தநாள் கீர்த்திகா லீவு போட்டுவிட்டு வந்து தயாளினியைப் பொலிசுக்குக் கூட்டிப்போய் முறைப்பாடு கொடுக்க வைத்தாள். மத்தியானம் பருத்தித்துறையிலிருந்து அண்ணன் வந்தார். கடல்தொழில் செய்கிற ஆள், அகன்ற தோள். எல்லோரும் பயந்ததுபோல அவர் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வரவில்லை. மகாதேவி வீட்டு முற்றத்தில் குந்தியிருந்து தங்கச்சியின் உதட்டைப் பார்த்தார். "நான் ஒருத்தன் இருக்கிறன் எண்டது உனக்கு மறந்துபோச்சோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஊர் அதோடு விடவில்லை. செந்தூரனின் தாய் சந்தியில் வைத்துப் பார்த்தீபனை மறித்து, "கராத்தே பழக்கிறன் எண்டு குடும்பத்தைப் பிரிச்சுப் போட்டியே, அதுதான் கடவுள் உன்ரை தொண்டையைப் பிடுங்கினவர்" என்று சொன்னாள். அவர் நின்று முழுதையும் கேட்டுவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். வீட்டில் அதைக் கேள்விப்பட்ட மகாதேவி அழுதாள். மூன்று நாலு பேர் தங்கள் பிள்ளைகளைச் சிறுவர் வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள். புதிதாகச் சில பெண்கள் பெரியவர்களின் வகுப்பில் வந்து சேர்ந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று அவர் ஒருவரையும் கேட்கவில்லை. வழக்குத் தவணைமேல் தவணையாக இழுத்துக்கொண்டு போகிறது. செந்தூரன் இன்னும் லொறி ஓடுகிறான்.

மாசியில் ஒரு ஞாயிறு காலை பருத்தித்துறையிலிருந்து அழைப்பு வந்தது. மகாதேவி கதைத்துவிட்டுக் கைபேசியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தாள். "தயாளினி. உங்களோடைதான் கதைக்கவேணுமாம். நீங்கள் கதைக்க ஏலாதெண்டு அவளுக்குத் தெரியாதே? ஆனாலும் குடுங்கோ எண்டு நிக்கிறாள்."

பார்த்தீபன் கையில் ஒட்டியிருந்த மண்ணைச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கைபேசியை வாங்கிக் காதில் வைத்தார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த வாய்க்கால் வரம்பில் மெல்ல அமர்ந்தார்.

"மாஸ்டர், கேக்குதோ? நான் சொல்லுறன், நீங்கள் கேட்டால் போதும்" என்று அவள் தொடங்கினாள். கோபிகாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்றாம். தனக்கு ஒரு தையல் கடையில் வேலை கிடைத்திருக்கிறதாம். அண்ணனின் வீட்டில் கடற்காற்றுக்குக் கதவெல்லாம் அடிபடுமாம், முதல் கிழமை ஒவ்வொரு சத்தத்துக்கும் திடுக்கிட்டு எழும்பினாளாம், இப்போது நித்திரை வருகிறதாம். மீன் விலை, மச்சாளின் குணம், கோபிகாவுக்கு விழுந்த பல் என்று கதை நீண்டது. இடையில் யாரோ கூப்பிட, "பொறு அண்ணை, மாஸ்டரோடை கதைச்சுக்கொண்டு நிக்கிறன்!" என்று அங்கேயே நின்று உரத்துக் குரல் கொடுத்தாள். பார்த்தீபனுக்குக் காது அதிர்ந்தது. அவர் கைபேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து கேட்டார்.